மலிவு எஸ்எஸ்டி: பெயர் அதே, உள்ளே வேறு

முதல்முறையாகக் கேமிங் கணினி அசெம்பிள் செய்யப் போகிறவரிடம் கடைக்காரர் ஒரு கொட்டேஷன் கொடுப்பார். அதை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். பிராசஸருக்கு மாடல் எண் இருக்கும்: ரைசன் 5 5600ஜி, அல்லது ஐ3 12100எஃப். மதர்போர்டு எந்த நிறுவனம், எந்தச் சிப்செட் என்று இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எஸ்எஸ்டி வரியில் மட்டும் பெரும்பாலும் "512 ஜிபி என்விஎம்இ" என்று எழுதியிருக்கும், அத்தோடு சரி. நிறுவனத்தின் பெயர் இருக்காது; பெயர் இருந்தாலும் மாடல் இருக்காது.

வாங்குகிறவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்ஜெட் இடிக்கும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது எஸ்எஸ்டியிலும் பவர் சப்ளையிலும்தான். பவர் சப்ளை தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். எஸ்எஸ்டியில் கை வைப்பதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

மலிவான எஸ்எஸ்டி வாங்குவதில் தவறே இல்லை. கேம் விளையாட விலை உயர்ந்த டிரைவ் தேவையும் இல்லை. ஒரே பெயரில், ஒரே பெட்டியில், ஒரே விலையில், இந்த மாதம் ஒரு சரக்கும் அடுத்த மாதம் வேறு சரக்கும் வரலாம் என்பதுதான் ஆபத்து. யூடியூபில் நீங்கள் பார்த்து முடிவு செய்த விமர்சனம், உங்கள் கைக்கு வரும் பொருளைப் பற்றியதாக இல்லாமல் போகலாம்.

இது நடந்திருக்கிறது. க்ரூஷியல் நிறுவனத்தின் பி2 டிரைவ் 2020இல் சந்தைக்கு வந்தது. விமர்சகர்களிடம் முதலில் போன டிரைவ்களில் இருந்தது டிஎல்சி வகை நினைவகம். குறைந்த விலைக்கு நல்ல பொருள் என்று பேர் வாங்கியது. பின்னால் கடைகளுக்கு வந்தவற்றில் கியூஎல்சி என்ற தரம் குறைந்த நினைவகம் இருந்தது. பெயர் மாறவில்லை. 2021 ஆகஸ்டில் டாம்ஸ் ஹார்டுவேர் இணைய இதழ் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. கோப்புகளை நகலெடுப்பதில் புதியது பழையதைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மந்தமாக இருந்தது. தொடர்ந்து எழுதும் வேகம் நொடிக்கு 40 எம்பி வரை இறங்கியது. சாதாரண ஹார்டு டிஸ்க்கே இதைவிட வேகமாக எழுதும்.

அதே ஆகஸ்டில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ப்ளூ எஸ்என்550 சிக்கியது. உள்ளே நினைவகச் சில்லு மாறியிருந்தது. தற்காலிக வேக நினைவகமான கேஷ் நிரம்பிய பிறகு எழுதும் வேகம் 610 எம்பியிலிருந்து 390 எம்பிக்கு விழுந்திருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அடாட்டாவின் எஸ்எக்ஸ்8200 புரோவில் டிரைவை இயக்கும் கண்ட்ரோலர் சில்லு, வேகம் குறைந்த வேறொன்றாக மாறியிருப்பது தெரியவந்தது. சாம்சங்கும் 970 எவோ பிளஸில் கண்ட்ரோலரை மாற்றியது. ஆனால் சாம்சங் பாக எண்ணை மாற்றியது, பெட்டியை மாற்றியது, விவரத்தாளையும் திருத்தியது. பார்க்கத் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல், இனி வெளியிட்ட விவரக்குறிப்புகளைப் பாதிக்கும் மாற்றம் செய்தால் புதிய மாடல் எண் கொடுப்போம் என்று பிறகு அறிவித்தது. இந்தப் பழக்கம் 2021இல் தொடங்கியதும் இல்லை. கிங்ஸ்டனின் வி300 டிரைவில் நினைவகம் மந்தமான வகைக்கு மாறியதை விமர்சகர்கள் 2014இலேயே எழுதியிருக்கிறார்கள்.

அதே கிங்ஸ்டனின் என்வி2 இன்னொரு வழியைக் காட்டியது. அதன் விவரத்தாளில் எந்தக் கண்ட்ரோலர், எந்த வகை நினைவகம் என்று எதுவுமே சொல்லப்படவில்லை. பிரித்துப் பார்த்தவர்களுக்குச் சிலவற்றில் ஃபைசன் கண்ட்ரோலர், சிலவற்றில் சிலிகான் மோஷன். சிலவற்றில் டிஎல்சி, சிலவற்றில் கியூஎல்சி. வாக்குக் கொடுக்காதபோது வாக்கு மீறல் என்ற பேச்சே எழாது. நொடிக்கு 3,500 எம்பி படிக்கும் என்பது போன்ற எண்கள்தான் உத்தரவாதம். அந்த எண்களை எந்தக் கலவையும் எட்டிவிடும்.

டிஎல்சிக்கும் கியூஎல்சிக்கும் அப்படி என்ன வித்தியாசம்? டிஎல்சியில் ஒரு செல்லில் 3 பிட், அதாவது 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சியில் 4 பிட், 16 நிலைகள். அதே அளவு சிலிக்கானில் மூன்றில் ஒரு பங்கு அதிகம் அடைக்கலாம், ஆகவே விலை குறையும். ஆனால் நிலைகள் நெருங்க நெருங்க, எழுதும்போது ஒவ்வொரு செல்லையும் துல்லியமாக நிறுத்த நேரம் பிடிக்கும், செல்லும் சீக்கிரம் தேயும்.

இந்த மந்தம் வெளியே தெரியாமல் மறைப்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியை, செல்லுக்கு ஒரே பிட் என்ற முறையில் தற்காலிகமாக எழுதிக்கொள்வார்கள். இதுதான் எஸ்எல்சி கேஷ். அதில் எழுதுவது மின்னல் வேகம். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் டிரைவ் அந்தத் தரவை எடுத்து நிரந்தர இடத்துக்கு மாற்றும். பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் எழுதும் வேகம் இந்தக் கேஷின் வேகம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1 டிபி கியூஎல்சி டிரைவில் 800 ஜிபிக்கு கேம்கள் நிரம்பிவிட்டன, 200 ஜிபி மிச்சம். அந்த 200 ஜிபியை முழுக்கக் கேஷாகப் பயன்படுத்தினாலும், செல்லுக்கு 4 பிட் போகும் இடத்தில் 1 பிட் மட்டும் எழுதுவதால், அதிகபட்சம் 50 ஜிபிதான் வேகமாகப் போகும். அதைத் தாண்டினால் நினைவகத்தின் சொந்த வேகம் வெளியே வரும். சாம்சங் தன் 870 கியூவிஓ 1 டிபி சாட்டா (என்விஎம்இக்கு முந்தைய இணைப்பு வகை) டிரைவுக்கு அந்த வேகத்தை மறைக்காமல் விவரத்தாளிலேயே போட்டிருக்கிறது: நொடிக்கு 80 எம்பி. இந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்; பெரும்பாலான மலிவு டிரைவ்களின் விவரத்தாளில் இந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காது.

கடையில் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டிக் காட்டி, "பாருங்க சார், 3,500 வருது" என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனையின் வழக்கமான அளவு வெறும் 1 ஜிபி. கேஷின் ஒரு மூலையைக்கூட அது நிரப்பாது. உண்மை தெரிய வேண்டுமானால் இன்னொரு வேகமான டிரைவிலிருந்து 100, 150 ஜிபி ஃபோல்டர் ஒன்றை நகலெடுத்து, விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் சமதளமாக ஓடும்; ஓர் இடத்தில் செங்குத்தாக விழும். எத்தனை ஜிபியில் விழுகிறது, விழுந்து எங்கே நிற்கிறது என்ற இரண்டு எண்களும் பெட்டியில் இருப்பதையெல்லாம்விட அதிகம் சொல்லும்.

கேம் விளையாடுகிறவருக்கு இதெல்லாம் எவ்வளவு முக்கியம்? பயமுறுத்துவதற்காகப் பெரிதுபடுத்தக் கூடாது. கேம் என்பது பெரும்பாலும் படிக்கும் வேலை, எழுதும் வேலை குறைவு. சாட்டா எஸ்எஸ்டியின் உச்சம் நொடிக்கு 560 எம்பி. மூன்றாம் தலைமுறை என்விஎம்இ சுமார் 3,500. நான்காம் தலைமுறையில் நல்லது 7,000. காகிதத்தில் பன்னிரண்டு மடங்கு. அதே கேமை மூன்றிலும் திறந்தால் பெரும்பாலும் சில நொடிகள்தான் வித்தியாசம், ஏனென்றால் தரவு வந்த பிறகு அதை விரிப்பதும் அடுக்குவதும் பிராசஸரின் வேலை. இதை மாற்றுவதற்காக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டைரக்ட்ஸ்டோரேஜைப் பயன்படுத்தி வந்த முதல் கணினி கேம் ஃபோர்ஸ்போக்கன், 2023 ஜனவரியில். அதற்குப் பிறகும் அதைப் பயன்படுத்தும் கேம்கள் சொற்பம். ஆகவே 7,000 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது முதல் கணினிக்கு வீண்.

டவுன்லோடிலும் கவலை இல்லை. வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தால் நொடிக்குப் பன்னிரண்டு எம்பி சொச்சம்தான் வரும். எந்த எஸ்எஸ்டியும் அதைத் தாங்கும். சிக்கல் அப்டேட்டில்தான். பல கேம்கள் தங்கள் தரவைப் பல ஜிபி எடையுள்ள பெரிய கோப்புகளாகக் கட்டி வைத்திருக்கும். ஸ்டீமில் 2 ஜிபி அப்டேட் வந்தால், அந்தச் சிறு பகுதியைச் செருகுவதற்குப் பெரிய கோப்பு முழுவதையும் படித்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். டவுன்லோட் பக்கத்தைப் பார்த்தால் நெட்வொர்க் கோடு படுத்துக் கிடக்கும். டிஸ்க் கோடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நிரம்பிய கியூஎல்சி டிரைவில் இந்தக் காத்திருப்பு நீளும். நண்பரிடமிருந்து போர்ட்டபிள் டிரைவில் கேமைக் கொண்டுவந்து போடுவதிலும் இதே கதைதான்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் கொள்ளளவில் காத்திருக்கிறது. 512 ஜிபி டிரைவை விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டும். இது மோசடி இல்லை. நிறுவனம் ஆயிரத்தின் பெருக்கமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024இன் பெருக்கமாக எண்ணுகிறது. ஆனால் 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150 ஜிபி. ஸ்டார்ஃபீல்டு 125 ஜிபி. எஸ்எஸ்டி கட்டாயம் என்று சேர்த்தே அறிவித்தார்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்றால் இன்னொரு 150. விண்டோஸையும் போட்டு, டிரைவ் மூச்சுவிடக் கொஞ்சம் இடமும் விட்டால், மூன்று கேமுக்கு இடம் போதாது. மந்தமான பெரிய டிரைவா, வேகமான சின்ன டிரைவா என்று வந்தால் என் வாக்கு பெரிய டிரைவுக்கே. 1 டிபிக்குக் குறைந்து முதல் கேமிங் கணினிக்கு வாங்காதீர்கள். முடியவே முடியாதென்றால் 500 ஜிபியில் நல்லதை வாங்கி, மதர்போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் சில்லின் வகையைச் சொல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? விவரத்தாளில் ஓர் எண் ஓரளவு காட்டிக்கொடுக்கும். டிபிடபிள்யூ என்று போட்டிருப்பார்கள்: வாரன்டிக் காலத்துக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற வரம்பு. சாம்சங்கின் 870 எவோ 1 டிபி, டிஎல்சி, அதற்கு 600. அதே வரிசையில் கியூஎல்சியான 870 கியூவிஓவுக்கு 360. இன்டெலின் 660பி, 2018இல் வந்த கியூஎல்சி, 200. க்ரூஷியல் பி3, கியூஎல்சி, 220. வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்580, டிஎல்சி, 600. ஒரு டெராபைட்டுக்கு 600 என்றால் பெரும்பாலும் டிஎல்சி. 200, 300 என்றால் உஷாராக வேண்டும்.

க்ரூஷியல் பி2 விஷயத்தில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். அந்த 1 டிபி டிரைவின் வரம்பு ஆரம்பத்திலிருந்தே 300தான். உள்ளே டிஎல்சி இருந்தபோதும் கியூஎல்சிக்கு ஏற்ற வாக்குறுதியைத்தான் கொடுத்திருந்தார்கள். பின்னால் சில்லை மாற்றிக்கொள்ள இடம் விட்டு எழுதிய எண் அது. படித்தவர்களுக்கு எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்தது. என்வி2இன் எண் 320.

தேய்மானத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். தினமும் 50 ஜிபி எழுதினாலும் 200 டெராபைட்டைத் தொட 4,000 நாட்கள் ஆகும், பத்து ஆண்டுகளுக்கு மேல். டிபிடபிள்யூவை ஆயுள் கணக்காகப் பார்க்காமல், உள்ளே என்ன வைக்க நிறுவனம் உத்தேசித்திருக்கிறது என்பதன் அடையாளமாகப் பாருங்கள். வாரன்டி மூன்று ஆண்டா, ஐந்து ஆண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டிராம் என்ற தனி நினைவகச் சில்லு இல்லாத டிரைவ் என்றாலே மோசம் என்று சிலர் சொல்வார்கள். என்விஎம்இயில் அது அவ்வளவு உண்மையில்லை. எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற வரைபடத்துக்காக டிரைவ் கணினியின் ராமில் கொஞ்சத்தை, வழக்கமாக 64 எம்பி அளவில், கடன் வாங்கிக்கொள்ளும். சாட்டா டிரைவுக்கு அந்த வசதி கிடையாது. பழைய கணினியில் சாட்டாதான் போட முடியும் என்றால், முடிந்தவரை டிராம் உள்ளதாகத் தேடுங்கள்.

பழைய கணினி என்றதும் ஒரு விஷயம். மலிவு கேமிங் செட் என்று எச்61, எச்81 போர்டுகளில் கட்டி விற்பது இன்னும் நடக்கிறது. அந்தக் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் எம்.2 ஸ்லாட்டே இருக்காது. கார்டு போட்டுச் செருகினாலும் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. புதிய போர்டிலும் கவனம் தேவை. எம்.2 என்பது வடிவம் மட்டும், 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் அது தெரியவே தெரியாது. ஏ520, பி450, எச்610 போர்டுகளில் எம்.2 ஸ்லாட் மூன்றாம் தலைமுறைதான். 5600ஜி போட்டால் பி550 போர்டும் மூன்றாம் தலைமுறைக்கு இறங்கிவிடும். நான்காம் தலைமுறை டிரைவ் அதில் வேலை செய்யும், ஆனால் 3,500ஐத் தாண்டாது.

அப்பட்டமான போலிகள் தனி ரகம். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் வால்மார்ட் இணையதளத்தில் 39 டாலருக்கு 30 டிபி எஸ்எஸ்டி என்று ஒன்று விற்பனைக்கு இருந்தது. அதே ரகத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர் கண்டது, பசை போட்டு ஒட்டிய இரண்டு 512 எம்பி மெமரி கார்டுகள். தன்னை 15 டிபி என்று ஒவ்வொன்றும் சொல்லிக்கொள்ளும்படி ஃபர்ம்வேரைத் திருத்தியிருந்தார்கள். கோப்பை எழுதினால் எழுதியதுபோலவே காட்டும். பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். பிரபல மாடல்களின் ஸ்டிக்கரை ஒட்டிய போலி எம்.2 டிரைவ்களும் வந்திருக்கின்றன. சாம்சங் என்றால் அவர்களுடைய மெஜிஷியன் மென்பொருள் அசலா என்று காட்டும்.

பயன்படுத்திய டிரைவைப் புதிது என்று தள்ளிவிடுவதும் உண்டு. 2021இல் சியா என்ற மின்நாணயத்துக்காகப் பலர் எஸ்எஸ்டிகளை இரவு பகலாக எழுதவிட்டுத் தேய்த்தார்கள். அதில் ஒரு கோப்பை உருவாக்கவே ஒரு டெராபைட்டுக்கு மேல் எழுத வேண்டும். இரண்டாம் கையில் எஸ்எஸ்டி வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்படியானால் பெயர் பெற்ற நிறுவனம் என்றால் போதுமா? கோளாறு அவர்களுக்கும் வரும். சாம்சங் 980 புரோ டிரைவ்கள் சில எழுத முடியாமல் பூட்டிக்கொண்டன. 2023இல் ஃபர்ம்வேர் திருத்தம் பரவலாகப் பேசப்பட்டது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் போட்டவர்களில், வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்770, எஸ்என்580 2 டிபி வைத்திருந்தவர்களுக்கு நீலத்திரை வந்தது. டிரைவுக்கு விண்டோஸ் கடன் கொடுத்த ராம் 64 எம்பிக்குப் பதில் 200 எம்பி ஆனதுதான் காரணம். இரண்டு கோளாறுகளுக்கும் அந்தந்த நிறுவனம் ஃபர்ம்வேர் கொடுத்தது. ஸ்டிக்கரில் மட்டுமே வாழும் பிராண்டுக்கு இப்படி ஒரு கோளாறு வந்தால் கொடுப்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது இதற்காகத்தான்.

இப்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025இன் கடைசி மாதங்களில் ராம், எஸ்எஸ்டி விலைகள் ஏறின. டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2021இலும் சில்லுப் பற்றாக்குறைக் காலத்தில்தான் உள்ளே இருந்தது மாறியது. சரக்குத் தட்டுப்பாடு உள்ள காலத்தில் மாற்றுச் சரக்கும் போலியும் சேர்ந்தே வரும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், கொட்டேஷனில் எஸ்எஸ்டியின் முழு மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் அந்தப் பொருள் வேண்டாம். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும், ஜிஎஸ்டியோடு. பெட்டியில் எம்ஆர்பியும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் அச்சாகியிருக்க வேண்டும். சட்ட அளவையியல் விதிகள் அதைக் கேட்கின்றன. அது இல்லாத சரக்குக்கு இந்தியாவில் வாரன்டி கேட்டு அலைய வேண்டியிருக்கும். ஆன்லைனில் ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். யார் அனுப்புகிறார் என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் போட்டுக் கொடுத்த டிரைவில் கொஞ்சம் இருக்கும். பல டெராபைட் இருந்தால் அது புதிது இல்லை. பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். காலி இடம் முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். சில மணி நேரம் பிடிக்கும். அதற்காகச் செலவாகும் ஒரு டெராபைட் எழுத்து ஒரு பொருட்டே இல்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் ஊர் என்றால் யுபிஎஸ் வையுங்கள். திடீர் மின்வெட்டில் தரவைக் காக்கும் கெப்பாசிட்டர்கள் மலிவு டிரைவ்களில் இருக்காது. கேமை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். குடும்பப் புகைப்படங்களும் கல்லூரி புராஜெக்டும் இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

பெட்டியில் சொன்னது டிரைவில் இல்லை, கடையும் மாற்றித் தர மறுக்கிறது என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்தப் புகாருக்குக் கட்டணம் கிடையாது.